நடுவில் தங்கிய நாலு வினாடி

விசாகப்பட்டினம்
29-12-2025

அன்புள்ள செல்விக்கு,

போன், வாட்ஸ்அப், இன்ஸ்டா என்று எல்லாக் கதவையும் சாத்திவிட்டாய். கூகுள் பேயில் ஒரு ரூபாய் அனுப்பி 'சாரி' என்று எழுதப் பார்த்தேன், அங்கேயும் பிளாக். மிச்சமிருப்பது தபால் ஒன்றுதான். பள்ளிக்கூடத்து லீவ் லெட்டருக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. கையெழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள், ஆனால் கிழிக்காமல் படி.

நேற்று உங்கள் வீட்டு ஹாலில் என் அப்பா அம்மா, உன் அப்பா, உன் முத்தம்மாள் அத்தை, பாதித் தெரு எல்லாம் உட்கார்ந்திருக்க, டிவி திரையில் நான் புதுச்சட்டையோடு இருந்தேன். பேச்சு நல்லபடியாகத்தான் போனது. அப்புறம் நீ கேட்டாய்: "ஊருக்கெல்லாம் நெட் குடுக்குற என் வேலைய நான் விடமாட்டேன். கல்யாணத்துக்கப்புறம் நீ வைசாக்க விட்டுட்டு மரக்காணம் வந்துருவியா?" கேள்வி காதில் விழுந்ததும் "வந்துர்றேன்" என்றேன். மூச்சுகூட விடவில்லை. அதைக் கேட்டுவிட்டு நீ என்ன செய்தாய்? பேயைப் பார்ப்பதுபோல என்னை வெறித்துப் பார்த்தாய். பிறகு பட்டென்று கட்.

இதில் நான் யோசித்தேனாம், திணறினேனாம்! அம்மா போனில் அழுகிறாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வருகிறேன் என்று சொன்னவனை எதற்கு முறைத்தாய்?

என் ரூம்மேட் செந்தமிழ், மாப்பிள்ளைப் பேச்சு என்ற சந்தோஷத்தில் பின்னாலிருந்து முழுவதையும் போனில் எடுத்திருக்கிறான். அதைப் பென் டிரைவில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். போட்டுப் பார். துறைமுகத்தில் புது கேட் சிஸ்டம் மாற்றுகிறார்கள், கல்யாணம் வரை ஒரு நாள் லீவ்கூடக் கிடையாது. இல்லாவிட்டால் இந்நேரம் உன் வாசலில் நின்றிருப்பேன்.

ஜான்சன்


மரக்காணம்
3-1-2026

ஜான்சன் அவர்களுக்கு,

பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் வாடா போடா என்று பேசியவள்தான். இப்போது 'நீங்கள்' என்று எழுதுகிறேன் என்றால் எந்த அளவுக்குக் கோபம் என்று உங்களுக்கே தெரியும்.

கதை விடாதீர்கள். ஹாலில் அத்தனை பேரும் பார்த்தோம். நான் கேட்டேன். நீங்கள் சிரித்த முகம் மாறாமல் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு வினாடி, இரண்டு வினாடி. முத்தம்மாள் அத்தை ஹாலுக்கே கேட்கும்படி, "பாத்தியா, யோசிக்கிறான்" என்றாள். உங்கள் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்பா என்னையே பார்த்தார். அதற்கு மேல் நான் எப்படி உட்கார்ந்திருப்பது? ரோஷம் எனக்கு மட்டும் கிடையாதா?

அப்பா ஒரே பிடியாக இருக்கிறார். தவக்காலம் தொடங்கினால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் இரண்டு பெயரையும் அறிவித்து ஓலை வாசிக்க வேண்டும். 24ஆம் தேதிக்குள் பங்குத்தந்தையிடம் பெயர் கொடுத்தால்தான் முடியும். "எல்லார் முன்னாடியும் முழிச்சவன், எல்லார் முன்னாடியும் வாயத் தொறந்து சொல்லட்டும். இல்லன்னா ஈஸ்டருக்கப்புறம் வேற எடம் பாக்கறேன்" என்கிறார். விழுப்புரத்தில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை ஏற்கெனவே அத்தையின் பையில் இருக்கிறார்.

பென் டிரைவை உப்பளத்து வாய்க்காலில் வீசலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். இதோடு கடிதத்தை முடித்துக்கொள்கிறேன்.

மேரிசெல்வி

முடிக்கவில்லை. சாயங்காலம் எழுதுகிறேன். வீசவில்லை, போட்டுப் பார்த்தேன். என் கேள்வி முடிகிறது. உடனே உங்கள் "வந்துர்றேன்". சத்தியமாக இடைவெளியே இல்லை. வெட்டி ஒட்டியிருப்பீர்கள் என்று நாலு தடவை பார்த்தேன், பின்னால் சுவர்க் கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது.

எங்கள் தெரு வீடியோக்காரன் தமிழ்வேந்தன் அன்றைக்கு ஹாலில் கேமரா வைத்திருந்தான். அவன் படத்தையும் வாங்கிப் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். அதில் என் கேள்விக்குப் பிறகு நாலு வினாடி மௌனம், பிறகு என் விரல் கட் பண்ணுகிறது. உங்கள் படத்திலோ பதில் வந்த பிறகுதான் நான் வெறிக்கிறேன். நான் காத்திருந்த முகத்தைத்தான் நீங்கள் முறைப்பு என்று நினைத்திருக்கிறீர்கள்!

இரண்டு படமும் உண்மை. அப்படியானால் அந்த நாலு வினாடி உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. நடுவில் எங்கேயோ இருந்திருக்கிறது. கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.


விசாகப்பட்டினம்
7-1-2026

செல்வி!

கேட்டில் லாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டே உன் கடிதத்தைப் படித்தேன். 'நடுவில்' என்ற இடம் வந்ததும் கத்தியே விட்டேன். ஒரு டிரைவர் ஹார்ன் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

உன் வேலை எனக்குத் தெரியாது. நான் படித்தது மெக்கானிக்கல், பார்ப்பது கன்டெய்னர் யார்டு. ஆனால் நடுவில் சரக்கு காணாமல் போனால் எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் இங்கே கேட்டுக்கு வெளியே லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. மேலிடத்தில் என்ன செய்தார்கள்? உள்ளே பெரிய மைதானம் போட்டு, வருகிற லாரி எல்லாம் உள்ளே நிற்கட்டும், ஒன்றையும் திருப்பி அனுப்பக்கூடாது என்றார்கள். ரோடு காலியானது, கைதட்டினார்கள். ஆனால் சரக்கைத் தூக்குகிற கிரேன் அதே ஒரு கிரேன்தானே? மைதானம் பெரிதானதால் கிரேன் வேகமாகத் தூக்குமா? முன்பு ரோட்டில் ஒரு மணி நேரம் நின்றவன், மைதானத்துக்குள் அரை நாள் நின்றான். அவசர மருந்துப் பெட்டி ஒன்று, டைல்ஸ் ஏற்றிய நூறு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. பெட்டி தொலையவில்லை, உடையவில்லை. வந்து சேரத்தான் நேரமாகிவிட்டது.

உன் கேள்வியும் அப்படித்தான் எங்கேயோ ஒரு மைதானத்தில் நின்றிருக்கிறது. வார்த்தை ஒன்றும் அறுபடவில்லை, முழுசாக வந்தது, லேட்டாக வந்தது. உன் லைனில் மைதானம் எங்கே இருக்கிறது? அன்றைக்கு அதற்கு முன்னால் நின்ற டைல்ஸ் லாரி யாருடையது?

கண்டுபிடி செல்வி. விழுப்புரத்து வாத்தியாருக்கு வழுக்கை விழட்டும்.

ஜான்சன்


மரக்காணம்
11-1-2026

ஜான்சன் அவர்களுக்கு,

(இன்னும் 'அவர்களுக்கு'தான். ஆனால் பாதிதான்.)

முதலில் உப்புக்காற்றைத்தான் சந்தேகப்பட்டேன். இங்கே அது கம்பியைத் தின்கிறது, கனெக்டரைத் தின்கிறது. உப்பளத்து ஓரம் கம்பம் கம்பமாக ஏறி எல்லாவற்றையும் மாற்றினேன். கீழே பாத்தி மிதித்துக்கொண்டிருந்தவர்கள், "கல்யாணப் பொண்ணு எறங்கும்மா" என்று கிண்டல் செய்தார்கள். மாற்றியும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு உங்கள் டைல்ஸ் லாரியைத் தேடினேன். எங்கள் வேலையில் பிங் என்று ஒன்று உண்டு. 'இருக்கியா?' என்று ஒரு சின்னக் குரல் கொடுத்தால், அங்கிருந்து 'இருக்கேன்' என்று திரும்பி வரும். போய் வர எவ்வளவு நேரம் என்று கம்ப்யூட்டர் சொல்லும். மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் கண் சிமிட்டுவதற்குள் திரும்பி வந்தது. அப்போது தமிழ்வேந்தன் வந்தான். "அக்கா, கிறிஸ்மஸ் வீடியோ பாக்கி இருக்குது, நெட்ல ஏத்திக்கட்டா?" என்றான். ஏத்துடா என்றேன். அவன் ஏற்ற ஆரம்பித்ததும் பிங் எகிறியது. நூறு மில்லி வினாடி, ஐந்நூறு, ஆயிரம், மூவாயிரம், நாலாயிரம்! நாலாயிரம் என்றால் நாலு வினாடி! நான் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்ததில் டீ கொட்டிவிட்டது.

"டேய், அன்னைக்கு ஹால்ல மூலையில உக்காந்து லேப்டாப்ல என்னடா பண்ணிட்டிருந்த?" என்று கேட்டேன். "இதத்தான்கா, உங்க வீட்டு வைஃபைல ஏத்திட்டிருந்தேன்" என்றான். என் கல்யாணக் கேள்வி அவனுடைய கிறிஸ்மஸ் நாடகத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறது.

மைதானம் எங்கே என்று கேட்டீர்களே? சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடையில், என் மேசைக்கு மேலே, நானே ஆணி அடித்து மாட்டிய பெட்டியில். இந்த ஊர் வீடுகள் அத்தனையும் அது வழியாகத்தான் போகின்றன. லைன் ஆரம்பித்த புதிதில் நெட்டில் எல்லாம் சின்னச் சின்ன பாக்கெட்டாகத்தான் போகும், அவை நடுவில் விழுந்து தொலைகின்றன என்று புகார் வந்தது. அந்தப் பெட்டியில் வரிசை எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று ஒரு எண் கேட்கும். அது ஏற்கிற ஆகப் பெரிய எண்ணை நான் போட்டேன். நான் குழந்தைசாமி மேஸ்திரி மகள். உப்பளத்தில் வந்த தண்ணீரை ஒரு சொட்டு விடக்கூடாது, பாத்தி பாத்தியாகத் தேக்க வேண்டும், தேங்கத் தேங்கத்தான் உப்பு என்று கேட்டு வளர்ந்தவள். நெட்டையும் உப்பளம் மாதிரியே கட்டி வைத்திருக்கிறேன். "செல்வி நெட்: ஒரு பாக்கெட் கூடத் தவறாது" என்று நோட்டீஸ் வேறு! ஏத்துகிற நேரத்திலும் பார்த்தேன், நிஜமாகவே ஒன்றுகூடத் தவறவில்லை. எல்லாம் தேங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று, பாக்கெட்டைக் கீழே போடுவதற்கு எனக்கு மனசு வராது. அது என் தொழிலுக்கு அவமானம். காசு கட்டுகிறவன் அனுப்புவதை நான் எப்படித் தூக்கிப் போடுவேன்? வேறு வழி சொல்லுங்கள்.

செல்வி


விசாகப்பட்டினம்
15-1-2026

செல்விக்கு,

பொங்கல் வாழ்த்துகள். இங்கே கரும்புகூட இல்லை, செந்தமிழ் வெல்லத்தை அப்படியே தின்கிறான். ஷிஃப்டுக்கு நடுவில் எழுதுகிறேன்.

எங்கள் மைதானத்தைக் கடைசியில் எப்படிச் சரிசெய்தார்கள் தெரியுமா? நிறைந்ததும் கேட்டிலேயே "திரும்பிப் போ" என்றார்கள். முதல் வாரம் கம்பெனிகள் எல்லாம் சண்டைக்கு வந்தன. இரண்டாவது வாரம் அவர்களே லாரியை நிதானமாக அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். திருப்பி அனுப்பினால்தான் கிடங்குக்காரனுக்கு இங்கே இடமில்லை என்று தெரிகிறது. அதுவரை எல்லாவற்றையும் உள்ளே விட்டு, எல்லாம் சரியாகப் போகிறது என்று நாமே அவனை ஏமாற்றிக்கொண்டிருந்தோம்.

உன் தமிழ்வேந்தனின் லேப்டாப்புக்கும் யாராவது "மெதுவாடா" என்று சொல்ல வேண்டாமா? உன் பெட்டி எல்லாவற்றையும் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டால் அது தள்ளிக்கொண்டேதானே இருக்கும்? ஒன்றிரண்டைக் கீழே போடு செல்வி. போட்டால்தான் அதற்கு உறைக்கும்.

அந்த மருந்துப் பெட்டிக்குத் தனி வாசல் போட்டார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

24க்கு இன்னும் கொஞ்ச நாள்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜான்சன்


மரக்காணம்
19-1-2026

டேய் ஜான்சா!

ஆமாம், டேய்தான்! அவர்களாவது இவர்களாவது! ஜெயித்துவிட்டேன்டா!

உன் பேச்சைக் கேட்டு வரிசையைச் சட்டென்று துளியூண்டாகக் குறைத்தேன். பிங் நன்றாக ஆனது. ஆனால் கொஞ்ச நேரத்தில் கடை வாசலில் கூட்டம். தமிழ்வேந்தனின் வீடியோ பாதியில் அறுந்து அறுந்து விழுந்தது. மீன் ஏலத்து போட்டோ போகவில்லை என்று எக்கியார்குப்பத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்து, "ஏம்மா, இதுக்குப் பஸ்ல ஏறிப் போயி நேர்லயே காட்டிருப்பேன்" என்று கத்தினார். உன்னை மனதார வைதேன். மைதானமே இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் பத்து லாரி வந்தால் எங்கே நிற்கும்? கொஞ்சம் இடம் வேண்டும். தேங்கிக் கிடக்கிற அளவுக்கு வேண்டாம்.

அப்புறம்தான் உன் மருந்துப் பெட்டி ஞாபகம் வந்தது. ரேஷன் கடையில் பாமாயில் மட்டும் கேட்டு வந்தவள், நாலு கார்டுக்கு அரிசி வாங்குகிறவனுக்குப் பின்னால் நிற்கிறாள் இல்லையா? அந்த ஒரே வரிசையை உடைத்தேன். பெட்டியில் அதற்கு ஒரு முறை இருக்கிறது, நான்தான் இத்தனை நாள் தொடாமல் விட்டிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு பேச்சுக்கும் ஒவ்வொரு வீடியோவுக்கும் தனி வரிசை, முறை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். குரல் சின்னது, தன் முறையில் உடனே போய்விடும். ரொம்ப நேரம் நிற்பதை மட்டும் கீழே போடும், அனுப்பியவனுக்கு உறைக்கும், அவன் மெதுவாகிவிடுவான்.

அப்படியும் பிங் ஏறியது! அழுகையே வந்துவிட்டது. பார்த்தால், எனக்கு லைன் கொடுக்கிற கம்பெனியின் பெட்டியிலும் ஒரு மைதானம். அதை நான் தொட முடியாது. அதனால் அவர்கள் தருகிற வேகத்துக்குக் கொஞ்சம் கீழேயே என் பெட்டியைக் கட்டிப்போட்டேன். இனி நிரம்பினால் என் பெட்டியில்தான் நிரம்பும், அங்கே நான் வைத்ததுதான் சட்டம். வேகத்தில் துளி போய்விட்டது, போகட்டும்.

பிறகு தமிழ்வேந்தனைக் கூப்பிட்டு ஏத்துடா என்றேன். அவன் ஏற்றுகிறான், ஏற்றுகிறான், பிங் அசையவில்லை! முப்பதைத் தாண்டவில்லை! நான் போட்ட கூச்சலில் பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஓடி வந்தார். அவருக்குப் புரியவில்லை, ஆனால் அவரும் சிரித்தார். நோட்டீஸில் 'தவறாது' என்பதை இன்றே கோடு போட்டு அடித்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். "தண்ணிய வெளிய விடறதா?" என்று முகம் சுளித்தார். "இது உப்பு இல்லப்பா, தேங்குனா கெட்டுப்போவும், பால் மாதிரி" என்றேன். "அவன் அன்னைக்கே சொன்னானா?" என்றார். "அன்னைக்கே சொன்னாம்ப்பா, என் பெட்டிதான் புடிச்சு வச்சிருந்துச்சு" என்றேன். எழுந்து போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு உன் அப்பா அம்மாவை அழைக்கப் பொம்மையார்பாளையத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

சனிக்கிழமை 24, சாயங்காலம் ஆறு மணி. அதே ஹால், அதே ஆட்கள், அதே என் நெட். தமிழ்வேந்தன் அதே மூலையில் உட்கார்ந்து பொங்கல் வீடியோவை ஏற்றிக்கொண்டே இருப்பான், அது என் கட்டளை. லைன் காலியாக இருக்கும்போது யார் வேண்டுமானாலும் உடனே பதில் சொல்லலாம். நெரிசலில் சொல். பங்குத்தந்தை ஏழரை வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பிளாக் அப்போதுதான் எடுப்பேன். புதுச்சட்டை போடு.

செல்வி


விசாகப்பட்டினம்
25-1-2026

என் செல்விக்கு,

இனி போனிலேயே பேசலாம். காலையிலிருந்து பேசிக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் ஒன்றை மட்டும் போனில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அதனால் காகிதம்.

நேற்று நீ "வந்துருவியா?" என்று முடிப்பதற்குள் நான் "வந்துர்றேன்" என்றேன். பாண்டிச்சேரியில் வேலை தேடுவேன், கிடைக்காவிட்டால் உன் கம்பத்தில் ஏறுவேன் என்றும் சொன்னேன். ஹாலே சிரித்தது. முத்தம்மாள் அத்தை, "நல்லாக் கேட்டிச்சுப்பா, கத்தாத" என்றாள். அம்மா முகத்தைப் பார்த்தேன், அது போதும் எனக்கு.

அப்போது குஷியில் நான் ஒன்று கேட்டுவிட்டேன். "நான் வர்றேன். ஒருவேள நான் கூப்பிட்டிருந்தா, நீ கடைய விட்டுட்டு இங்க வந்திருப்பியா?"

நீ பேசவில்லை. பிங் எண்ணைத் திரை ஓரத்தில் போட்டு வைத்திருந்தாயே, நான் அதைத்தான் பார்த்தேன். அசையவே இல்லை, லைன் சுத்தமாக இருந்தது. ஆனால் நாலு வினாடிக்கு மேலேயே போயிருக்கும். அத்தை மறுபடியும், "பாத்தியா, யோசிக்கிறா" என்றாள். உன் அப்பா, "யோசிக்கட்டும்" என்றார். கடைசியில் நீ "தெரியலடா" என்றாய். எல்லோரும் சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

அந்த மௌனம் எந்தப் பெட்டியில் இருந்தது செல்வி? கோபமில்லை. தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

ஜான்சன்


மரக்காணம்
1-2-2026

ஜான்சா,

எந்தப் பெட்டியிலும் இல்லை. அது என்னுடையது. முழுக்க என்னுடையது.

நீ கேட்டபோது எனக்குக் கடை கண்ணில் வந்தது, கம்பங்கள் வந்தன, முப்பதைத் தாண்டாத அந்த பிங் வந்தது. பக்கத்தில் நீயும் வந்தாய். நிஜமாகவே யோசித்தேன். நீ யோசிக்கிறாய் என்று அத்தை சொன்ன ஒரு வார்த்தைக்கு உன்னைக் கட் பண்ணியவள் நான். நீ அன்றைக்கு யோசிக்கவேயில்லை. நான் யோசித்தேன், அதுவும் அத்தனை பேர் பார்க்க. நீ என்ன செய்தாய் என்று தமிழ்வேந்தன் எடுத்த படத்தில் பார்த்தேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாய். கட் பண்ணவில்லை. அதைப் பார்த்து அழுதுவிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இன்று இரண்டாம் ஓலை. பங்குத்தந்தை உன் பெயரையும் என் பெயரையும் வாசித்து, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்றார். கோயிலில் ஒரு இருமல்கூட இல்லை. பக்கத்தில் முத்தம்மாள் அத்தை இருந்தாளே! நான் திரும்பிப் பார்த்தேன். அவள் முக்காட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினாள்.

உன் கேள்விக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். நன்றாக யோசித்தே சொல்கிறேன்: வந்திருப்பேன்டா. இனியும் வருவேன்.

ஆனால் கூப்பிட்டுவிடாதே.

உன் செல்வி